கரையில் சொல்லாதது

மணப்பாடு
19 ஜனவரி 2025

ரீனா,

உங்கள் ஹாஸ்டலில் பிள்ளைகளுக்குப் போன் கூடாது. அங்கே சமையலறையில் உன் அம்மா கிளாடிஸ் அத்தையிடம் போன் உண்டு, ஆனால் நம் ஊர் நம்பர் எதையும் அத்தை எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். தபால் ஆபீசில் உறை கேட்டதும், "யாருக்குளா லெட்டர் போடுதே, கலெக்டருக்கா?" என்று சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

இங்கே கடல் இந்த வாரம் தூங்குகிற மாதிரி கிடக்கிறது. சிலுவைக் கோயில் மேட்டில் நின்று பார்த்தால் ஆறு கடலில் சேரும் கழி ஒரு பக்கம் பச்சை, கடல் மறுபக்கம் வெள்ளை, நடுவில் மணல்திட்டு யாருக்கும் சொந்தமில்லாதது போல நீளமாகப் படுத்திருக்கிறது. அப்பாவின் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டோம். இடுப்புக்குக் கீழே இன்னும் உணர்வில்லை. ஆனால் கண்ணை மூடினால் அவர் மறுபடியும் சங்கு குளிக்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். "இன்னைக்குத் தண்ணி தெளிஞ்சிருக்கும்ளா. சங்கு நடந்த தடம் மணல்ல கோடாத் தெரியும். அந்தக் கோட்டப் புடிச்சே போனா, முடியுத எடத்துல சங்கு உக்காந்திருக்கும்" என்பார். எங்கள் உயிரியல் புத்தகத்தில் அதைத் தேடிப் பார்த்தேன். இல்லை. கல்லூரியில் கடல் உயிரியல் படித்தால் ஏதாவது ஒரு பக்கத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

எழுத வந்ததே அந்தக் கல்லூரியைப் பற்றித்தான். சரண்யாதேவி டீச்சர் ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். மதுரையில் ஓர் அறக்கட்டளை இருக்கிறதாம். குடித்துவிட்டு ஒருவன் ஓட்டிய லாரியில் மகனை இழந்த ஓர் அம்மா அதை நடத்துகிறார்கள். அப்படிப்பட்ட விபத்துகளால் பாதிக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போக மூன்று வருடமும் உதவித்தொகை தருகிறார்கள். அது கிடைத்தால் நான் படிப்பேன். கிடைக்காவிட்டால் தூத்துக்குடியில் இறால் கம்பெனி. அம்மா அங்கே என் பெயரைக் கொடுத்துவிட்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன், அவளும் தினமும் அந்தக் கம்பெனி வேனில்தான் ஏறிப் போகிறாள்.

ஆனால் ஒரு நிபந்தனை. நடந்ததை நம் கையால் எழுத வேண்டும். ஓட்டியவர் குடித்திருந்தார் என்பதை, தெரிந்தவர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு உறுதி சொல்ல வேண்டும். போலீஸ் ஸ்டேஷன் காகிதத்திலோ 'ஆடு குறுக்கே வந்ததால்' என்று இருக்கிறது.

அந்த ஆட்டை நீயும் அறிவாய். ஆலந்தலைக் கல்யாணம் முடிந்து உன் அப்பா ஓட்ட, என் அப்பா மட்டும் கூட உட்கார்ந்து வேனில் திரும்பியபோது, பாலத்துக்குப் பக்கத்தில் வந்த ஆடு. அது வளர்ந்துகொண்டே போகிறது ரீனா. முதல் வருடம் வெறும் ஆடு. பிறகு கறுப்பு ஆடு. இப்போது ஒரு காது வெள்ளை என்கிறார்கள். டீக்கடையில் ஆடு மேய்க்கிற நல்லக்கண்ணு அண்ணாச்சியைப் பார்த்து, "ஏலே, ஒன் ஆடுதான அது?" என்று கேட்டார்கள். "என் ஆடுன்னா தோலையாவது தாங்க, வித்து டீ குடிப்பேன்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள்.

அன்று உண்மையில் நடந்தது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். உன்னைக் கேட்காமல் நான் எழுதமாட்டேன்.

இன்னொரு நல்ல செய்தி! பெயர் எதுவும் சொல்லாமல் அந்த அம்மாவுக்கு எழுதிக் கேட்டேன். வண்டி ஓட்டி இறந்துபோனவருடைய பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாமாம். "அந்த வீட்டிலும் பிள்ளைகள்தானே இருக்கிறார்கள்" என்று பதில் எழுதியிருந்தார்கள். நாம் இரண்டு பேரும் ஒன்றாகப் படிக்கலாம்!

உன்
ஜெனிட்டா


பாளையங்கோட்டை
27 ஜனவரி 2025

ஜெனி,

உன் கடிதத்தை வார்டன் சிஸ்டர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்கள். இங்கே அதுதான் வழக்கம். இப்போது அவர்களுக்கும் எங்கள் வீட்டுக் கதை தெரியும். நன்றி.

ஆடு வந்தது. அதைச் சொன்னது நானோ என் அம்மாவோ இல்லை. உன் அப்பா. ஆஸ்பத்திரியில் நினைவு வந்து அவர் சொன்ன முதல் வார்த்தையே அதுதான். நான் அந்தக் கட்டிலின் கால்பக்கம் நின்றுகொண்டிருந்தேன், நீ தலைப்பக்கம். மறந்துவிட்டாயா? ஆடு வந்தது உண்மை என்றால் என் அப்பாவைப் பற்றி எழுத உனக்கு ஒன்றும் இல்லை. ஆடு பொய் என்றால் உன் அப்பா பொய்யர். எது வேண்டுமோ எடுத்துக்கொள்.

ஊரில் யாரும் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் அங்கே இருக்க முடியவில்லை. கடைக்குப் போனால் பேச்சு நிற்கும். மீன் வாங்கினால் இரண்டு மீன் கூடப் போடுவார்கள். அம்மா ஒருநாள் கூடையை அப்படியே வைத்துவிட்டு வந்து, "இங்கன இருந்தா எரக்கத்துலயே செத்துருவேன்" என்றாள். அடுத்த வாரம் இங்கே சமையல் வேலைக்கு வந்துவிட்டோம்.

எனக்கும் உதவித்தொகையாம். என் அப்பாவைக் குடிகாரன் என்று எழுதிக் கொடுத்தால் என்னைப் படிக்கவைப்பார்களாம். அதற்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி வேறு போட்டிருக்கிறாய்.

வேண்டுமானால் உன் அப்பாவிடம் கேட்டுவிட்டு எனக்கு எழுது. இல்லாவிட்டால் எழுதாதே.

ரீனா


மணப்பாடு
9 பிப்ரவரி 2025

ரீனா,

அந்த ஆச்சரியக்குறிக்காக என்னை மன்னித்துவிடு. நம் பெஞ்சில் மறுபடியும் நீ வந்து உட்காரப்போகிறாய் என்று ஒரு நிமிடம் கனவு கண்டுவிட்டேன். கையும் எழுதிவிட்டது.

அப்பாவிடம் கேட்டேன்.

"அப்பா, ஆடு வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்ன நெறம்?"

"ஆட்டு நெறம்."

அடுப்படியிலிருந்து அம்மா, "ரெண்டு வருசமா அந்த ஆட்டக் கட்டிலோட கட்டிப்போட்டு மேய்க்காரு ஒங்கப்பா. ஒரு கரண்டிப் பாலு கறந்ததுண்டா?" என்றாள். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

நான் விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னேன். இறால் கம்பெனியைப் பற்றியும் சொன்னேன். அவருக்கு நான் படிக்க வேண்டும். அது அவர் முகத்தில் தெரிந்தது, அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. கழியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கழி கடலில் சேரும் இடத்தில், சுற்றுலா வந்த ஒரு வெள்ளைக்காரப் பையன் அலைச்சறுக்குப் பலகையில் நின்றபடி அலையோடு வந்து, விழுந்து, எழுந்து, மறுபடியும் பலகையை இழுத்துக்கொண்டு உள்ளே போனான். பிறகு அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஏளா, நான் அடியில கெடக்கேன். மேல படகுல ஒருத்தன் காத்து டியூபப் புடிச்சிருக்கான். அவன் கண்ணசந்துட்டான், எனக்குக் காத்து நின்னுபோச்சுன்னு வையி. மேல வந்து படகுல வச்சு அவனக் கேப்பேன். ஏசுவேன். ரெண்டு அடிகூடக் குடுப்பேன். ஆனா கரையில வந்து எவனும் என்னன்னு கேட்டா, கடல் சரியில்லன்னுதான் சொல்லணும். எங்கள்ல எல்லாவனும் அப்பிடித்தான். கரையில சொல்லிட்டா, பெறவு அவன் கையில எவன் டியூபக் குடுப்பான்? அவன் பொண்டாட்டி பிள்ள என்னத்தத் திங்கும்?"

"பெனிஸ்டன் மாமாதான் இப்ப இல்லியே அப்பா."

"கிளாடிஸும் ரீனாவும் கரையிலதான இருக்காவ."

வேன் வாங்குவதற்கு முன்னால் உன் அப்பாதான் என் அப்பாவுக்கு டியூப் பிடித்தார் என்பதை நான் எப்படி மறந்தேன்? அதனால்தானே சொந்தம் எதுவும் இல்லாமலே மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள்.

ஆகவே அப்பா பொய்யர் இல்லை ரீனா. உன் கேள்விக்கு நான் கண்டுபிடித்த பதில் இவ்வளவுதான். ஆடு என்றால் 'கடல் சரியில்லை' என்று பொருள். விண்ணப்பத்தை அலமாரியில் வைத்துவிட்டேன். நான் அனுப்பப்போவதில்லை. இறால் கம்பெனியிலும் கடலைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ளலாம்.

நேற்று ஒரு கனவு. உங்கள் வேன் கடலுக்கு அடியில் மெதுவாகப் போகிறது. விளக்கு இரண்டும் எரிகின்றன. வெளிச்சத்துக்குள் மீன்கள் வந்து வந்து விலகுகின்றன. முன்னால் நம் அப்பாக்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டு போகிறார்கள், சத்தம் மட்டும் இல்லை. பின்சீட்டில் ஆடு உட்கார்ந்து ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறது. எனக்குக் கொஞ்சமும் பயமாக இல்லை. யாருக்கும் எங்கும் இறங்க வேண்டிய அவசரமே இல்லாதது போல இருந்தது. விழித்தபோதுதான் வருத்தமாக இருந்தது.

ஜெனிட்டா


பாளையங்கோட்டை
1 மார்ச் 2025

ஜெனி,

திங்கட்கிழமை தமிழ்ப் பரீட்சை. அதைப் படிக்காமல் உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். சிஸ்டர் இந்தத் தடவை பிரிக்கவில்லை. "ஒரே பேருதான திரும்பவும் எழுதியிருக்கு, நல்ல பிள்ளயாத்தான் இருக்கும்" என்று கொடுத்துவிட்டார்கள்.

நீ அனுப்பமாட்டேன் என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கோபம்தான் வந்தது. கடைக்காரர்கள் கூடப் போட்ட அந்த இரண்டு மீன் மாதிரி இருந்தது.

சமையலறைக்குப் போனேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கல்யாணத்தன்று வேனில் இடம் இருந்தும் ஏன் என்னைப் பஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனாய் என்று கேட்டேன். இத்தனை நாள் இதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவள் கை நிற்கவில்லை. "வாட அடிச்சுதுளா. சாவியத் தாங்கன்னு கேட்டேன். தரல" என்றாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். கண்ணீருக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

இப்போது உன் அப்பா சொன்னதற்கு வருகிறேன். கரையில் சொல்லக் கூடாது, சரி. படகில் வைத்து ஏசுவேன் என்றாரே, அதை எப்போது செய்தார்? என் அப்பா அந்த இடத்திலேயே போய்விட்டார். உன் அப்பா ஏச வேண்டியதை எல்லாம் உள்ளே வைத்துக்கொண்டுதான் அந்த ஜன்னல் பக்கம் படுத்திருக்கிறார். என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரை இப்படி விட்டிருக்கமாட்டார். "இன்னாசி ஏசலைன்னா எனக்கு ராத்திரி ஒறக்கம் வராது, ஏசிட்டான்னா சோறு எறங்கும்" என்று உன் அப்பாவைப் பற்றி வீட்டில் சொல்லியிருக்கிறார்.

பரீட்சை முடியட்டும். ஈஸ்டருக்கு வருகிறோம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவேன். மாமாவிடம் முன்கூட்டிச் சொல்லாதே.

ரீனா


மணப்பாடு
23 ஏப்ரல் 2025

ரீனா,

நீ வந்துபோனது நிஜம்தானா என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது. அதனால் நான் பார்த்தவற்றை மட்டும் எழுதிவைக்கிறேன். விட்டுப்போனதை நீதான் சொல்ல வேண்டும்.

ஈஸ்டர் திங்கள். மத்தியான வெயிலில் தெருவே வெளுத்துப்போய், ஆட்கள் எல்லாம் தண்ணீருக்குள் நடப்பது போலத் தெரிந்தார்கள். அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து நீயும் அத்தையும் வந்தீர்கள். என் அம்மா வாசலில் இறால் உரித்துச் சிவந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். யாராவது ஒருவர் முதலில் பேசாவிட்டால் மாலைவரை அப்படியே நிற்பார்களோ என்று எனக்குப் பயம். கடைசியில் அம்மா, "மெலிஞ்சுட்டிய மைனி. ஹாஸ்டல்ல சமைக்கத எல்லாம் பிள்ளைகளுக்கே போட்டுருவியளோ?" என்றாள். அத்தை சிரிக்கத் தொடங்கி, சிரிப்பை முடிக்கவில்லை.

நீ நேராக அப்பாவின் கட்டிலுக்குப் போனாய். "மாமா, நான் பெனிஸ்டன் மக. அப்பாவுக்குப் பதிலா வந்திருக்கேன். படகுல வச்சு ஏசணுமே, என்ன ஏசுங்க" என்றாய். அதுவரை அப்பா கழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பினார். அவர் முகத்தை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. "ஏளா ஜெனி, வெளிய போயி கதவச் சாத்து" என்றார்.

நான் புறவாசலில் நின்றேன். ஒட்டுக்கேட்க ஆசைதான். ஆனால் காற்று கடலிலிருந்து அடித்தது, அலைச் சத்தம்தான் கேட்டது. ஒரே ஒரு தடவை அப்பாவின் குரல் உயர்ந்தது. அவருக்கு இன்னும் அவ்வளவு குரல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சிமென்ட் தொட்டியில் இருந்த காக்கா பறந்துவிட்டது. கலங்கரை விளக்கின் நிழல் மணலில் நீண்டுகொண்டே போனது. உள்ளே நீங்கள் இரண்டு பேரும் எங்கோ ஆழத்துக்குப் போய்விட்டீர்கள், நான் மட்டும் மேலே காத்திருக்கிறேன் என்று தோன்றியது.

நீ கதவைத் திறந்தபோது முகம் வீங்கியிருந்தது. தண்ணீர் கேட்டாய். குடித்துவிட்டு, "அந்த விண்ணப்பத் தாள் எங்க இருக்குளா?" என்றாய். நான் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மடித்து உன் பைக்குள் வைத்துக்கொண்டு, அத்தையின் கையைப் பிடித்து நடந்துவிட்டாய். எதற்கு என்று நான் கேட்பதற்குள் தெருவைத் தாண்டிவிட்டீர்கள். கிழித்துப்போடத்தான் என்றால் போடு. நான் ஏற்கெனவே விட்டுவிட்டதுதான்.

அன்று சாயங்காலம் அப்பா வாயைத் திறந்துகொண்டு குழந்தை மாதிரித் தூங்கினார். எழுந்ததும் சோறு கேட்டார். அம்மா தட்டை வைத்துவிட்டு, "ஆடு எங்க, காணும்?" என்றாள். "அவுத்துவிட்டாச்சு" என்றார் அப்பா.

அவர் உன்னிடம் என்ன சொன்னார்?

ஜெனிட்டா


பாளையங்கோட்டை
28 ஏப்ரல் 2025

ஜெனி,

படகில் பேசியது உனக்குக் கிடையாது. நீ எவ்வளவு படித்தாலும் கிடையாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கடைசியில் நான், "மாமா, நான் கரையில சொல்லலாமா?" என்று கேட்டேன். "நான் சொல்லக் கூடாது. அவன் ஆளு நீ. நீ சொல்லலாம்" என்றார்.

உன் விண்ணப்பத்தை இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நீ எழுத வேண்டிய பக்கத்தை நீ எப்போதோ எழுதிவைத்திருக்கிறாய், ரகசியமாக, பென்சிலால். பஸ்ஸில் படித்தேன். என் அப்பாவைத் திட்டி ஒரு வரிகூட இல்லை. அதன் மேலேயே பேனாவால் எழுதினேன். என் கையெழுத்து கொஞ்சம் உன்னுடையது போல இருப்பதற்கு நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததுதான் காரணம் என்று அந்த அம்மா கேட்டால் சொல்லிவிடு. தெரிந்தவர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் முதலில் நான் போட்டேன். 'வண்டி ஓட்டியவரின் மகள். கல்யாண வீட்டில் அப்பா குடித்ததைப் பார்த்தேன்' என்று எழுதினேன். அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பேனாவை வாங்கி, 'மனைவி. சாவி கேட்டேன், தரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு அடுப்பில் உலை கொதிக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். உலை வைக்கவே இல்லை.

நானும் ஒரு விண்ணப்பம் வாங்கியிருக்கிறேன். எழுதியும் முடித்துவிட்டேன். ஆனால் அதில் என் அப்பா ஒரே ஒரு ராத்திரி மட்டும்தான் இருக்கிறார். அதைப் படிப்பவர்கள் அவரை அந்த ராத்திரியாகத்தான் தெரிந்துகொள்வார்கள். ஆகவே எனக்கு உறுதி சொல்ல, அம்மாவின் கையெழுத்தோடு, அவரை முழுதாகத் தெரிந்த மாமாவின் கையெழுத்தும் வேண்டும். அவர் கரையில் சொல்லமாட்டார் என்று தெரியும். இருந்தாலும் கேட்டுப் பார். விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அவர் மறுத்தால் வற்புறுத்தாதே.

ரீனா


மணப்பாடு
7 ஜூன் 2025

ரீனா,

நேற்று மதுரையிலிருந்து அறக்கட்டளை நடத்துகிற அந்த அம்மா, என் அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டார்கள். குரல் மெதுவாக இருந்தது. என் விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது. கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் உண்மையிலேயே ஓட்டியவரின் வீட்டார்தானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் இணைப்பு போய்விட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்றேன். "இருக்கேன்மா" என்றார்கள். பிறகு, "அந்தப் பொண்ணு விண்ணப்பம் போட்டிருக்காளா?" என்று கேட்டார்கள். ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்றேன். "வரட்டும், வச்சிருக்கேன்" என்றார்கள்.

உன் விண்ணப்பத்தை வந்த அன்றே அப்பாவிடம் படித்துக் காட்டியிருந்தேன். அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். மே மாதம் முழுவதும் அது தலையணைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. மீன்வாடை ஏறியிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. நேற்று போன் பேசி முடித்ததும், "அவன் மகளே கரையில சொல்லிட்டா. இனி தாளக் கொண்டா" என்றார். நான் கட்டில் சட்டத்தில் தாளை வைத்து எழுதத் தயாரானேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் அவர் மூச்சு வாங்கினார், மூழ்கப் போகிறவர் வாங்குவது போல. வாசலில் அம்மாவும் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் நின்றிருந்தார்கள். கதவைச் சாத்தச் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. அவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னார்:

"பெனிஸ்டன் எனக்குப் பல வருசம் டியூப் புடிச்சான். அவன் மேல இருக்கான்னா நான் பயமில்லாம அடியில நடப்பேன். ஒரு தடவகூட எனக்கு மூச்சு முட்டினதில்ல. அன்னைக்கு அவன் குடிச்சிருந்தான்."

பேச்சு வழக்கை மாற்றி நல்ல தமிழில் எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கடைசி வாக்கியத்தை முதலில் வைத்தால் படிக்கிறவர்களுக்குத் தெளிவாக இருக்குமே என்றும் கேட்டேன்.

"அவன் மகளுக்காகப் போற தாளு. அந்த வரிசையிலயே எழுது" என்றார்.

அப்படியே எழுதியிருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும், படுத்துக்கொண்டே போட்டது. இந்தக் கடிதம் போகும் அதே பையில் உன் விண்ணப்பமும் மதுரைக்குப் போகிறது. காலையில் உறை வாங்கப் போனபோது தபால் ஆபீசில் மறுபடியும் யாருக்கு என்று கேட்டார்கள். ரீனாவுக்கு என்றேன்.

ஜெனிட்டா